டெல்ஃபினா அக்காவுக்கு அறுபத்தைந்து வயது

அமெரிக்காவின் யாக்கிமா பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் பேரிக்காயைப் பெட்டியில் அடுக்கும் கூடத்துப் பெண்கள் அத்தனை பேரும் முகத்தில் அவகாடோவைப் பூசிக்கொண்டு அலைந்தார்கள். எல்லாம் டெல்ஃபினா அக்கா செய்த வேலை. நாற்பத்தைந்து வயதில் ஒருத்தி முப்பத்திநாலு வயதுக்காரி மாதிரி தெரிந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? "என்னதான்க்கா பூசறீங்க?" என்று கேட்டுக் கேட்டு உயிரை வாங்கினார்கள். எதையாவது சொல்லித் தொலைக்க வேண்டுமே என்று "அவகாடோ" என்று சொல்லிவைத்தாள். அந்த வாரமே மெக்சிகோக்காரர் கடையில் அவகாடோ தீர்ந்துபோயிற்று.

உண்மை என்னவென்றால், அவள் முப்பத்திநாலு வயதுக்காரியேதான். பெயரும் டெல்ஃபினா இல்லை, ஒப்டூலியா ரெசெந்திஸ். மெக்சிகோவின் மிச்சோவாகானிலிருந்து வந்த புதிதில் வேலையில் சேர அரசாங்க அனுமதி அட்டை ஒன்று வேண்டியிருந்தது. ஊருக்கே திரும்பிப் போன தூரத்து உறவுக்காரி ஒருத்தி தன் அட்டையை விட்டுவிட்டுப் போனாள். நிஜமான டெல்ஃபினா அவள்தான். ஒப்டூலியாவுக்குப் பதினொரு வயது மூத்தவள். அப்படித்தான் இருபத்தெட்டு வயதில் ஒப்டூலியாவுக்கு முப்பத்தொன்பது வயதானது.

ஹால்டர்சன் பழக்கூடத்தில் ஆள் சேர்ப்பவள் மார்லிஸ். வெள்ளைக்காரி, வாய்த்துடுக்கு ஜாஸ்தி, மனசு நல்ல மனசு. அன்றைக்கு அவள் அட்டையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "முப்பத்தொன்பதா? கொடுத்துவெச்சவ" என்று சொல்லி, தலைக்கு வலைத்தொப்பியை எடுத்துக் கொடுத்தாள். அவ்வளவுதான் பரிசோதனை. அட்டை பார்வைக்கு நிஜம்போல் இருந்தால் போதும் என்பது சட்டம். அதற்குமேல் துருவ வேண்டியதில்லை, துருவினால் பேரிக்காயை யார் பெட்டியில் அடுக்குவது?

அட்டையின் எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டி ஆளைச் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு சட்டம் வருகிறது, வருகிறது என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். தேர்தலுக்குத் தேர்தல் எம்.பி. கூடத்துக்கு வருவார். வலைத்தொப்பியைக் காதுக்குமேல் கோணலாக மாட்டிக்கொண்டு, ஒரு பேரிக்காயைக் காகிதத்தில் சுற்றிப் போட்டோ எடுத்துக்கொள்வார். தோட்ட முதலாளிகள் கூட்டத்தில், "கம்ப்யூட்டர் சோதனையா? நான் இருக்கும்வரை வராது" என்பார். மலைக்கு அந்தப் பக்கம் ஓட்டுக் கேட்கப் போய், "கட்டாயம் கொண்டுவருவேன்" என்பார். பெண்கள் பக்கம் திரும்பி, "உங்களுக்கும் முறையான காகிதம் வரும், எல்லாம் சேர்த்து ஒரே சட்டம்" என்பார். முதலில் சொன்னதை மட்டும் காப்பாற்றினார். ஆள் மாறினார்கள், பேச்சு மாறவில்லை.

"இவரு சுத்தின பேரிக்காயைப் பாத்தியாக்கா?" என்று பெத்ரா கிசுகிசுப்பாள். "பெட்டிக்குப் போறதுக்குள்ள அவுந்துடுச்சு. சட்டமும் அப்படித்தான்."

பழம் ஓடிவரும் பெல்ட்டில் பெத்ராதான் பக்கத்து இடம். தினமும் ஒரே காரில் வந்து போகிறவர்கள் என்பதால் அவளுக்கு மட்டும் எல்லாம் தெரியும். நிஜத்தில் அவள் ஒப்டூலியாவைவிட நாலு வயது பெரியவள். கூடத்தில் அக்கா அக்கா என்று கூப்பிட்டுப் பழகி, வீட்டுக்கு வந்தாலும் அக்காதான். அவளுடைய வாயை மாற்ற முடியவில்லை.

அந்த நாட்களை நினைத்தால் ஒப்டூலியாவுக்கு இப்போதும் நெஞ்சு இளகும். குளிர்கிடங்கின் கதவைத் திறந்ததும் வரும் பேரிக்காய் வாசனை, ஈர அட்டைப்பெட்டி வாசனை. மத்தியானச் சாப்பாட்டில் சோளமாவுத் தமாலேயைப் பிரித்துவைத்துக்கொண்டு, தோல் அடிபட்ட பழத்தை நறுக்கி மிளகாய்ப்பொடியும் எலுமிச்சையும் போட்டு எல்லோரும் ஒரே கிண்ணத்தில் கைவிடுவார்கள். முப்பத்தாறு வயதில் அவள் பிள்ளை உண்டானபோது கூடமே அல்லோலகல்லோலப்பட்டது. அட்டைப்படி அவளுக்கு நாற்பத்தேழு! குவாதலூப்பே மாதாவின் அற்புதம் என்று ஒருத்தி மெழுகுவர்த்தி ஏற்றினாள். பிள்ளையில்லாத இரண்டு பேர் வந்து அவளுடைய வயிற்றைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அதில் ஒருத்திக்கு அடுத்த வருடமே இரட்டைக் குழந்தை பிறந்தது. அதற்கு ஒப்டூலியா என்ன செய்வாள்?

பிப்ரவரியில் டெல்ஃபினாவுக்குப் பிறந்தநாள். மார்லிஸ் தன் கையால் கேக் செய்து, சர்க்கரைப் பாகில் பெயர் எழுதிக் கொண்டுவருவாள். பெல்ட்டை நிறுத்திவிட்டு எல்லோரும் பாடுவார்கள். முதல் வருடம் ஒப்டூலியா திருடித் தின்கிறவள்போலத் தலைகுனிந்து தின்றாள். போகப்போக அந்த நாளுக்கென்று தலையைக் கொஞ்சம் நன்றாகப் பின்னிக்கொண்டு வர ஆரம்பித்தாள். அவளுடைய சொந்தப் பிறந்தநாள் செப்டம்பரில் சத்தமில்லாமல் வந்து போகும்.

இப்படியே இருபத்தாறு வருடம். சட்டம் வரவில்லை, வயது மட்டும் வந்துவிட்டது. டெல்ஃபினாவுக்கு அறுபத்தைந்து.

பெரிய ஹால்டர்சன் காலத்தில் ஒரு வயதான பெண் பெல்ட்டிலேயே மயங்கி விழுந்து உயிரை விட்டாளாம். அதிலிருந்து அறுபத்தைந்துக்குமேல் யாரையும் நிற்கவைப்பதில்லை என்று அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம். விருந்து வைத்து, காலை நீட்டிப் படுக்கிற மாதிரி ஒரு சாய்வு நாற்காலி கொடுத்து வழியனுப்புவார்கள். நல்ல மனசோடு வைத்த வழக்கம்தான். ஆனால் ஒப்டூலியாவுக்கு ஐம்பத்திநாலுதான். புருஷன் பொர்ஃபிரியோ ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவன், பிள்ளை லாலோ பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். அவளுடைய கைதான் அந்த வீட்டின் அடுப்பு.

சின்ன முதலாளி கிளென் ஹால்டர்சனிடம் போய் நின்றாள்.

"இன்னும் ரெண்டு வருஷம் நிக்கறேனே முதலாளி. உடம்பு நல்லாத்தான் இருக்கு."

"அதான் பாத்தாலே தெரியுதே! இந்த வயசுல உன்னை மாதிரி யாரு இருக்கா?" என்று சிரித்தான் கிளென். "போதும் டெல்ஃபி. அப்பா இருந்தா என்னைத் திட்டுவாரு. பென்ஷன் வரும்ல, நிம்மதியா உக்காரு."

பென்ஷன் வரும். மிச்சோவாகானில் இருக்கிற டெல்ஃபினாவுக்கு வரும். அதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் என்ன ஆகும்? கூடத்தில் பாதி அட்டைகள் பொய் என்று முதலாளிக்குத் தெரியும், அது ஊருக்கே தெரியும். ஆனால் காதில் விழுந்துவிட்டால் சட்டப்படி தெரிந்ததாகிவிடும். அப்புறம் அவன் அன்றைக்கே அவளை வெளியே அனுப்ப வேண்டும், அவளோடு இன்னும் பாதிக் கூடத்தை. "சரி முதலாளி" என்று திரும்பி வந்தாள்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். இரு என்று சொல், இல்லை போ என்று சொல். இரண்டையும் சொல்லாமல் ஒருத்தியை இருபத்தாறு வருடம் வாசற்படியில் நிற்கவைத்து வேலை வாங்குவது என்ன நியாயம்? அந்த எம்.பி.க்களை அவளோடு ஒரே ஒரு நாள் பெல்ட்டில் நிற்கவைத்திருக்க வேண்டும்.

விருந்தன்று மார்லிஸ் வழக்கத்தைவிடப் பெரிய கேக் கொண்டுவந்தாள். எழுதுகிறபோதே அழுதிருக்கிறாள் போல, 'டெல்ஃபினா' கொஞ்சம் கோணிக்கொண்டு போயிருந்தது. கிளென் பேசினான். எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள். யார் யாரோ நன்றி சொன்னார்கள், அந்த இரட்டைக் குழந்தைகள்கூட வந்திருந்தன. ஒப்டூலியாவும் அழுதாள். அவள் அழுதது வேலைக்காக மட்டும் இல்லை. டெல்ஃபினா செத்துப்போன மாதிரி இருந்தது, அந்தச் சாவுக்கு அவளே வந்து நிற்கிற மாதிரியும் இருந்தது.

நாற்காலி வீட்டின் நடுவில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டது. பொர்ஃபிரியோ ஒருநாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இடுப்புக்கு நல்லாத்தான் இருக்கு" என்றான். அவள் அதில் உட்காரவே இல்லை. வேறு கூடங்களில் கேட்டாள். ஐம்பத்திநாலு வயதுக்காரியை அறுபத்தைந்து என்று காட்டும் அட்டைக்கு எங்கே வேலை கிடைக்கும்?

பெத்ராதான் சொன்னாள். "வேற அட்டை வாங்கு. எங்க அத்தான்கிட்ட சொல்றேன், சனிக்கிழமைச் சந்தையில ஆளு இருக்கான். என்ன பேரு வேணும்?"

"என் பேரு."

"உன் பேரா? சொந்தப் பேருல யாராவது திருட்டு அட்டை போடுவாங்களா? பைத்தியமாக்கா நீ?"

"நம்பர் எதுவா வேணா இருக்கட்டும். பேரும் பொறந்தநாளும் என்னுதுதான் வேணும். இன்னொருத்தி கேக்கை இனிமே என்னால திங்க முடியாதுடி."

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் ஹால்டர்சன் கூடத்து அலுவலகத்தில் போய் நின்றாள். எங்கே போவது, அங்கேதான் போக வேண்டும். மார்லிஸ் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். பார்த்த கண் பார்த்தபடி இருந்தது.

"சொல்லுங்க" என்றாள் கடைசியில். "என்ன வேணும்?"

"வேலை கேட்டு வந்திருக்கேன்."

"பேரு?"

"ஒப்டூலியா ரெசெந்திஸ்."

மார்லிஸ் அட்டையை வாங்கினாள். அட்டையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், ஜன்னலுக்கு வெளியே ரொம்ப நேரம் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"பேரிக்காய் வேலை முன்னப்பின்ன செஞ்சிருக்கீங்களா?"

"கொஞ்சம்."

"பழக்கம் இல்லாதவங்களுக்கு ஆரம்பச் சம்பளம்தான். கதவுப் பக்கம், குளிரு அடிக்கற எடம். சம்மதமா?"

"சம்மதம்."

"பொறந்தநாள் செப்டம்பர்லயா? சீசன் நடுவுல வந்து பொறந்திருக்கீங்களே. கேக் வெட்ட யாருக்கு நேரம் இருக்கும்?"

"பரவால்லங்க. பழக்கம்தான்."

மார்லிஸ் வலைத்தொப்பியை எடுத்து நீட்டினாள். கொடுத்த கையை உடனே எடுக்கவில்லை.

"ஐம்பத்திநாலுன்னு போட்டிருக்கு. தப்பா நினைச்சுக்காதீங்க, பாத்தா வயசு கூடத்தான் தெரியுது. அவகாடோ தடவிப் பாருங்க. இங்க ஒருத்தி இருந்தா, டெல்ஃபினான்னு. அவதான் சொல்லிக்குடுத்தா. போன மாசம் போயிட்டா."

"நல்லவங்களா?" என்று கேட்டாள் ஒப்டூலியா.

"அவளை மாதிரி இன்னொருத்தி இனி வரப்போறதில்ல" என்றாள் மார்லிஸ். "போங்க, பெல்ட்டு ஓட ஆரம்பிச்சாச்சு."

தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். எல்லாத் தலையும் திரும்பியது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேஸ்திரி கையிலிருந்த சீட்டைப் பார்த்து, "ஒப்டூலியா!" என்று கூப்பிட்டார். புதிதாக வந்தவள் யார் என்று பார்க்க எல்லோரோடும் சேர்ந்து அவளும் கதவுப் பக்கம் திரும்பினாள்.

அப்போது பெல்ட்டின் அந்தக் கோடியிலிருந்து பெத்ரா கத்தினாள்.

"உன்னத்தான் தங்கச்சி! கைய நீட்டு, பழம் வருது பாரு."