விசில் ஊதும்வரை

ஆரையம்பதிக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் மணல்துண்டில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே புஸ்பம் டீச்சரின் விசிலுக்கு அதிபரின் மணியைவிட மரியாதை அதிகம். யுத்தத்தில் ஷெல் குண்டுகள் விழுந்த காலத்தில் பிள்ளைகளைப் பழக்கியெடுத்தவர் அவர்தான். விசில் கேட்டால் பங்கர் என்கிற பதுங்குகுழிக்குள் பாய வேண்டும். குப்புறக் கிடந்து, காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும். மறு விசில் கேட்கும்வரை பெற்ற தாய் கூப்பிட்டாலும் எழும்பக் கூடாது. ஒருமுறை பள்ளி வளவுக்குள்ளேயே ஷெல் விழுந்தது. ஒரு பிள்ளைக்கும் கீறல் இல்லை. அன்றிலிருந்து ஊர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது.

சமாதான ஒப்பந்தம் வந்த பிறகும் அவர் பயிற்சியை விடவில்லை.

"இனியென்னத்துக்கு டீச்சர் இந்தக் கூத்து?" என்று மற்ற ஆசிரியர்கள் சிரித்தார்கள்.

"கையெழுத்து வச்சது ஆக்கள். ஷெல் வைக்கல்ல" என்றார். வீட்டுப் பங்கரைத் தூர்க்கப் போனவர்களையும் ஏசித் தடுத்தார்.

அப்படியொரு பயிற்சியில், கண்ணகையின் மூத்த மகள் நிருஷா பங்கருக்குள் கிடந்தபடியே தலையைத் தூக்கினாள்.

"டீச்சர், சத்தம் கடலுக்குள்ள இருந்து வந்தா?"

"நேவி அடிச்சாலும் பங்கர்தான்."

"நேவி இல்லாம, கடலே இரைஞ்சா?"

"கேள்வி கேக்காத. தலையக் குனி."

பக்கத்தில் கிடந்த பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். நிருஷா குனிந்தாள்.

2004 மார்கழியில் ஒரு ஞாயிறு காலை கடல் இரைந்தது. கண்ணகை கைக்குழந்தை மேனுகாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நிருஷாவைக் கூப்பிட்டபடியே றோட்டை நோக்கி ஓடினாள். பின்னால் வருகிறாள் என்றுதான் நினைத்தாள். நிருஷாவோ வீட்டு வளவிலிருந்த பங்கருக்குள் பாய்ந்திருந்தாள். தண்ணீர் வடிந்த பிறகு பங்கரை மூடிக் கிடந்த மணலைத் தோண்டினார்கள். அவள் குப்புறக் கிடந்தாள்.

"நீங்க சொன்ன மாதிரியே செஞ்சிருக்காள், டீச்சர்" என்றாள் கண்ணகை. அதில் குத்தல் ஏதுமில்லை. மகள் கெட்டிக்காரி என்று சொல்லும் தாயின் குரல் அது. அவள் காறித் துப்பியிருந்தால் புஸ்பத்துக்குத் தாங்கியிருக்கும்.

விதி என்றார்கள் ஊரில். கடலம்மாவின் கோபம் என்றார்கள். புஸ்பத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடலுக்கு ஏது கோபம்? ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்த பாவம்தான் என்ன? சுமாத்திராவுக்குப் பக்கத்தில் கடலடி நிலம் நழுவியது. அந்த அலை இந்தக் கரைக்கு வந்துசேரக் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் ஆனது. நிலம் அதிர்ந்ததை உலகமெங்கும் கருவிகள் எழுதிக்கொண்டுதான் இருந்தன. எங்கோ இருந்து குறிபார்த்து இந்த மணலில் ஷெல் போடத் தெரிந்தவர்களுக்கு, "ஓடுங்கள்" என்று ஒரு சொல் அனுப்பத் தெரியவில்லை. இதைச் சொல்லி அவர் கூட்டங்களில் சண்டை பிடித்தார். சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தால், "தலையக் குனி" என்ற தன் குரல்தான் கேட்டது. எச்சரிக்காதவர்கள் ஒருபுறம் இருக்கட்டும். கேட்ட பிள்ளையின் வாயை அடைத்தது யார்?

மறுபடி மூண்ட யுத்தமும் முடிந்து இரண்டு வருடம் கழிந்தது. நிலநடுக்கப் பயிற்சி நடத்தப் நகரத்துப் புளியந்தீவிலிருந்து விஜிதரன் என்ற இளைஞர் வந்தார்.

"விசில் ஊதினா மேசைக்குக் கீழ. தலைய மூடி, மேசைக்கால இறுக்கிப் பிடிக்கோணும். மறு விசில் வரைக்கும் அசையக் கூடாது. டீச்சருக்குப் பழகின வேலதானே!"

புஸ்பம் மறுக்கத்தான் நினைத்தார். ஆனால் தான் ஊதாவிட்டால் இன்னொருவர் ஊதுவார். மேனுகா இப்போது இரண்டாம் வகுப்பு. பயிற்சி நடக்கும் வகுப்பறையில்தான் இருந்தாள். மற்றப் பெற்றோரோடு கண்ணகையும் விறாந்தையில் நின்றாள்.

ஊதினார். கண்மூடித் திறப்பதற்குள் பிள்ளைகள் மேசைகளுக்குக் கீழே. விஜிதரனுக்கு மெத்தச் சந்தோஷம்.

"நிலம் ஆடி முடிஞ்சிட்டு" என்று பயிற்சியை நீட்டினார் புஸ்பம். "இப்ப கடல் இரையுது."

ஒருவரும் அசையவில்லை.

"மற்ற விசில ஊதுங்க டீச்சர்" என்றார் விஜிதரன்.

அவர் ஊதவில்லை. குனிந்த வெள்ளைச் சட்டை முதுகுகளைப் பார்த்தபடி நின்றார். எவ்வளவு நேரமானாலும் அந்த முதுகுகள் அப்படியே கிடக்கும் போலிருந்தது.

ஒரு மேசைக்கடியிலிருந்து மேனுகாவின் தலை வெளியே வந்தது.

"டீச்சர், இதுக்குள்ள கிடந்தா தண்ணி வராதா?"

"தலையக்..." என்று வாய் தானாகத் திறந்தது. பாதியில் கடித்து விழுங்கினார்.

"வரும், புள்ள."

"அப்ப ஏன் கிடக்கிற?"

"கிடக்காத. எழும்பு. மாடிக்கு ஓடு!"

சுனாமிக்குப் பிறகு கட்டிய மாடிக் கட்டடத்தை நோக்கி மேனுகா ஓடினாள். மற்றவர்கள் கிடந்தார்கள். புஸ்பம் மேசை மேசையாகக் குனிந்து கையைப் பிடித்து இழுத்தார்.

"நீங்க ஊதல்லியே டீச்சர்" என்று ஒருவன் அழத் தொடங்கினான்.

விசிலை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, மேனுகாவையும் திருப்பிக் கூப்பிட்டு முதலிலிருந்து தொடங்கினார். ஆடும்போது ஏன் கீழே புக வேண்டும், ஆடி நின்றதும் ஏன் வெளியே வர வேண்டும், கடல் இரைந்தாலோ உள்வாங்கினாலோ ஏன் யாருக்கும் காத்திராமல் ஓட வேண்டும் என்று பிள்ளைகளின் வாயிலிருந்தே வரவழைத்தார். பள்ளி விடும் நேரமும் தாண்டிப் போனது. விஜிதரன் முகத்தைச் சுளித்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

கண்ணகை கூச்சத்தோடு கிட்ட வந்தாள்.

"குறை நினைக்காதீங்க டீச்சர். இவள் சரியான வாயாடி. மூத்தவள் இப்படியில்ல, அவள் சொல்வழி போறவள்."

எத்தனையோ தரம் இதற்குத் தலையாட்டியிருக்கிறார். இன்று கழுத்து அசையவில்லை.

"அவளும் வாயாடிதான், கண்ணகை. கடல் இரைஞ்சா என்ன செய்யிற எண்டு என்னட்டக் கேட்டவள். நான்தான் தலையக் குனியச் சொன்ன."

எதற்கும் "ஓம் டீச்சர்" என்று சொல்கிறவள் கண்ணகை. இந்தமுறை மேனுகாவைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். தூக்குகிற வயதெல்லாம் தாண்டிய பிள்ளை. திரும்பிப் பாராமல் றோட்டை நோக்கி நடந்தாள்.