கோபுரம், மலை, கோபுரம், மலை

அம்மா மண்டபத்துப் படித்துறைக்கு முன்னால் பரிசல் ஓட்டப் பழகுகிறேன். எதிரே உட்கார்ந்திருப்பவர், ஸ்ரீரங்கத்தில் நான் தங்கியிருக்கும் வீட்டு மாமி. ஆள் ஏற்றாமல் என்ன பயிற்சி என்று மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு அவராகவே ஏறிவிட்டார்.

நான் துடுப்புப் போடப்போட பரிசல் தட்டாமாலை சுற்றுகிறது. வடக்கே மொட்டைக் கோபுரம் வந்தால் மாமி கைகூப்புகிறார். தெற்கே மலைக்கோட்டை வந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார். பெருமாளைத் தவிர யாரையும் சேவிப்பதில்லை. உச்சிப் பிள்ளையாரானாலும் சரி. கோபுரம், மலை, கோபுரம், மலை. கூப்பிய கை இறங்குவதற்குள் அடுத்த சுற்று வந்துவிடுகிறது. எனக்குத் தலை கிறுகிறுக்கிறது, சிரிப்பும் அடங்கவில்லை.

"பக்கத்துல தள்ளாதீங்க சார், முன்னாடி போட்டு இழுங்க!" என்று பரிசல்காரர் கரையிலிருந்து கத்துகிறார். ஆறு எங்களை ரயில் பாலத்தை நோக்கி இழுக்கிறது. பாலத்தின் மேல் புகை கக்கிக்கொண்டு போகும் பாசஞ்சரிலிருந்து யாரோ உற்சாகமாகக் கையசைக்கிறார்கள்.

"ஏண்டாப்பா, நோக்கு நீச்சல் தெரியுமோ?"

"தெரியாது மாமி. உங்களுக்கு?"

மறுபடி மலை வருகிறது. படித்துறையில் தெருக்காரர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று மாமி ஒரு நோட்டம் விட்டுவிட்டு, மலையைப் பார்த்து மளமளவென்று நெற்றிப்பொட்டில் குட்டிக்கொள்கிறார்.

நான் துடுப்பை முன்னால் போட்டு இழுக்கிறேன். சுற்றல் நிற்கிறது. பரிசல் நேராகக் கரைக்குத் திரும்புகிறது.

"ஆத்துல மாமா கேட்டா, நீ நன்னா ஓட்டினேன்னு மட்டும் சொல்லு" என்கிறார் மாமி.