ஸ்வெட்டரோடு பார்த்த நிறை

கந்தப்பளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கூரை விட்டத்திலிருந்து ஒரு தராசு தொங்கும். கொழுந்தெடுக்கப் போகும் அம்மாமார் விட்டுச் செல்லும் குழந்தைகளை மாதம் ஒருமுறை அதில் நிறுப்பது, அங்கே டீச்சராக இருந்த என் வேலை. காலை எட்டு மணிக்கும் பனி விலகாது. அந்தக் குளிரில் பச்சைப் பிள்ளையின் உடுப்பைக் கழற்ற யாருக்கு மனம் வரும்? இரண்டு ஸ்வெட்டர், குல்லா, கம்பளிக் காலுறை என்று எல்லாவற்றோடும் நிறுத்து, முள் காட்டுவதைப் பிள்ளையின் வளர்ச்சிக் கார்டில் குறித்துவிடுவேன். என் கார்டுகள் சுத்தமாக இருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் வேறு.

ஒரு நாள், ஒன்றரை வயது மகளை இறக்கிவிட்ட ஓர் அம்மா போகாமல் தயங்கி நின்றார்.

"டீச்சர், இவ வயசுப் புள்ளைங்க எல்லாம் படி ஏறுதுங்க. இவ வச்ச எடத்துலயே ஒக்காந்திருக்கா. வெளையாடவும் மாட்டேங்குறா."

நான் கார்டை விரித்துக் காட்டினேன். "பாருங்க, பச்சைக் கோட்டுலதான் இருக்கா, நிறை சரியாத்தான் இருக்கு. சும்மா மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க."

பெரட்டில் அன்றைய வேலைக்குப் பெயர் கூப்பிடும் நேரம். அவர் தலையாட்டிவிட்டு ஓடினார்.

மூன்று மாதம் கழித்து, அந்தப் பிள்ளை பருப்புத் தண்ணீரை மேலெல்லாம் கொட்டிக்கொண்டாள். ஸ்வெட்டர்களைக் கழற்றினேன். விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. கதவைச் சாத்திவிட்டு வெறும் மேலோடு நிறுத்தேன். கார்டில் புள்ளி, நிறை குறைந்த பிள்ளைகளுக்கான செம்மஞ்சளில் விழுந்தது. மழைக்காலத்தில் உடுப்புக் கூடக்கூட, பிள்ளையின் நிறை கூடுவதாக நான் எழுதி வந்திருக்கிறேன்.

தாய்மாரையும் பிள்ளைகளையும் பார்க்க வரும் குடும்பநல மாதுவை வரவழைத்தேன். அவர் முதலில் கேட்டது பிள்ளையின் போத்தலைத்தான். அதில் பாலில்லாமல் சீனி மட்டும் போட்ட பிளேன்டீ. பிள்ளையின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"இதுலயே வயிறு ரொம்பிடுது. அப்புறம் எங்க சோறு எறங்கும்? ரத்தம் கொறஞ்ச புள்ளைக்கு ஓடியாடத் தெம்பு வராது. மூள வளர்ற வயசு இது, டீச்சர்."

அந்தப் போத்தலைத் தினமும் அம்மாவின் கையிலிருந்து வாங்கி வைத்தவள் நான். பயிற்சியில் இதையெல்லாம் படித்தவளும் நான்தான். அன்றிலிருந்து தேநீரை நிறுத்தி முட்டை, கீரை, பருப்பு பிசைந்த சோறு என்று ஊட்டினோம். பிள்ளை தேறினாள். ஆனால் படி ஏறியதும் பேசியதும் மற்றவர்களுக்கு வெகு பின்னால்தான்.

இப்போது அவளுக்கு நாலரை வயது. நிறங்களின் பெயரை இன்னும் மாற்றி மாற்றிச் சொல்கிறாள். எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதானா, நான் கோட்டைவிட்ட மாதங்களா என்று தெரியாமல் தவிக்கிறேன். போன வாரம் அவள் அம்மா அவளையும் கூட்டிக்கொண்டு, பள்ளிக்கூட விண்ணப்பத்தை நிரப்பித் தரச் சொல்லி வந்தார்.

"நாந்தான் பெத்தவளா இருந்தும் பாக்காம விட்டுட்டேன், டீச்சர். நீங்கதான் கண்டுபுடிச்சீங்க."

அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

"இல்லக்கா. மொதல்ல சொன்னது நீங்கதான். நான்தான் கேக்கல. ஸ்வெட்டரோட நிறுத்து ஒங்களுக்குத் தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரோ மகளின் தலையைத் தடவினார்.

"அப்ப இவளுக்குப் படிப்பு ஏறும்தானே, டீச்சர்?"

விண்ணப்பத்தில் பிள்ளையின் பெயரை மட்டும் எழுதியிருந்தேன். பேனா அங்கேயே நின்றது.