நாலு மாசக் குஞ்சு

சூடை மீனின் தலைக்குள் கடுகளவில் ஒரு கல் இருக்கிறது. மீன் வளர வளர அதில் நாளுக்கொரு கோடு விழும். ஆய்வுகூடத்தில் எல்லோரும் போன பின், உள்ளங்கை நீளச் சூடையொன்றின் கல்லை நுணுக்குக்காட்டியில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன். விரலில் ஒட்டியிருந்த மீன் வாசம் என்னைச் சாய்ந்தமருதுக் கரைக்கு இழுத்துப் போனது.

வாப்பா கரைவலை இழுப்பவர். இதே அளவுச் சூடையைக் கையில் வைத்துப் பார்த்தே, "இது நாலு மாசக் குஞ்சு" என்பார். வயிற்றை அமுக்கிப் பார்த்து, "கூனி இறால் திண்டிருக்கு" என்பார். எனக்கு ஐந்து வயதில் அவர் சவூதிக்குப் போனார்.

நாலு வருடம் கழித்து வந்து பெட்டியைத் திறந்தவர், முதலில் எடுத்தது எனக்கான மஞ்சள் சட்டையை. அது அவர் விட்டுப்போன பிள்ளையின் அளவு. உம்மா என்னை அறைக்குள் இழுத்தார்.

"மூச்சப் புடிச்சிக்க புள்ள. வாப்பாட மனசு நோகும்."

எப்படியோ பொத்தான்களைப் பூட்டி வெளியே அனுப்பினார்.

"அளவா இருக்கா மகள்?"

"ஓம் வாப்பா" என்றேன். அதைச் சொல்ல மூச்சை விட்டதில் முதுகுத் தையல் பிரிந்தது.

வாப்பா என்னைத் திருப்பிப் பார்த்தார். பிரிந்த இடத்தைக் கையால் மூடிக்கொண்டு அப்படியே இருந்தார். லீவு முடிந்து திரும்பிப் போனவர் அங்கேயே மௌத்தாகிவிட்டார்; மரணச் செய்திதான் வீடு வந்தது.

எண்ணி முடித்தேன். நூற்று இருபத்தொரு கோடுகள். நாலு மாதம்.

மீனின் வயதில் வாப்பா ஒருநாளும் பிழைவிட்டதில்லை.