பூஜையில் உட்கார்ந்த ரோபோ

ஆயுத பூஜையில் வைத்த பொருளை மறுநாள் காலைவரை எடுக்கக் கூடாது என்பது விதி. இரவல் பொருளை வைக்கலாமா என்று விதி சொல்லவில்லை.

நேற்று பெரம்பலூர்க் கடையில் ஒரு புது ரோபோ பொம்மையின் முதுகில் பழைய காலத்துச் சாவி இருந்தது. திருகினேன், திரும்பவில்லை.

"பழசோட ஞாபகத்துக்கு வச்சதுங்க சார். ஓடறது பேட்டரில" என்றார் கடைக்காரர்.

தொண்ணூற்றெட்டில் என் மகளின் தோழி ரஹீமாவிடம் இருந்த தகர ரோபோ, நிஜச் சாவியில் கரகரவென்று நடந்தது. அதை இரவல் வாங்கிவந்த மகள், சந்தனம் வைத்து மிக்சிக்கு அருகே பூஜையில் உட்காரவைத்தாள். அன்று மாலையே குடும்பத்தோடு துபாய் கிளம்பவிருந்த ரஹீமா, பொம்மையைக் கேட்டு வந்தாள்.

"நாளைக்குத்தான் எடுக்கலாம் கண்ணு" என்றாள் என் மனைவி.

"அப்ப இருக்கட்டும் ஆன்ட்டி. எடுத்தா உங்க சாமி கோச்சுக்கும்ல" என்று போய்விட்டாள்.

மகள் துபாய்க்குக் கடிதம் போட்டாள். பதில் வரும்வரை சாவியைத் தொடவில்லை. "அது உனக்குத்தான்டி, நடக்கவுடு" என்று ரஹீமா எழுதிய பதில் வந்தது, ஐந்து மாதம் கழித்து, மாசி பதினெட்டாம் தேதி.