சிங்கப்பூரில் நான் தேடிய நொண்டி

போன ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டில் நண்டு வாங்கப் போயிருந்தேன். நான் எடுத்த ஒன்றைப் பிடுங்கி ஓரமாகப் போட்டார் விற்கிற அம்மா. "அது வேணாம்மா, ஒரு கால் இல்ல. நொண்டி." அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிங்கப்பூர் ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

எங்கள் நைனா ஏரிச் சேற்றில் கையை விட்டுத் துழாவி நண்டு பிடிப்பவர். பெரியதெல்லாம் வியாபாரியின் கூடைக்குப் போகும். அங்கிருந்து உயிரோடு சிங்கப்பூருக்கு விமானம் ஏறும். முழு நண்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தால் வியாபாரி முகம் கொடுத்துப் பேச மாட்டார். பெரிய கால் ஒடிந்ததை மட்டும் அவர் தொட மாட்டார், அது எங்கள் குழம்புக்கு. ஞாயிறு தவறாமல் அப்படி ஒன்று வந்துவிடும். நண்டில் விற்கிற நண்டு, தின்கிற நொண்டி என்று இரண்டு சாதி உண்டென்றே நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

மீஞ்சூரில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ரயிலில் கூட வரும் அனுப்பம்பட்டு கல்பனா, டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதென்று என்னையும் இழுத்தாள். சனி, ஞாயிறு சிங்கப்பூர். கிளம்பும்போது நைனா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நம்ம நண்ட அங்க எப்டி துன்றாங்கனு பாத்துனு வா. இத்தினி வருசமா அனுப்புறேன், ஒர்த்தனும் சொன்னதில்ல."

அங்கே காலையில் ரொட்டிக்கு நடுவே தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்துக் காய்ச்சிய இனிப்பைத் தடவித் தந்தார்கள். கூடவே அரைவேக்காட்டு முட்டை. கல்பனா முகத்தைத் திருப்பிக்கொள்ள, அவளுடையதையும் நானே சாப்பிட்டேன். மத்தியானம் தேங்காய்ப்பால் குழம்பில் நூடுல்ஸ். அதில் எங்கள் தெருவில் இறால் காயும் வாசனை. இவ்வளவு தூரம் வந்து இதே வாசனையா என்று கிண்ணத்தை மோந்து மோந்து பார்த்தேன்.

சாயங்காலம் நண்டுக்கடை. கண்ணாடித் தொட்டியில் கட்டிப்போட்ட நண்டுகள். பிடித்ததைக் காட்டச் சொன்னார்கள். நான் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, ஒரு கால் இல்லாதது இருக்கிறதா என்று கடைப்பெண்ணிடம் என் ஆங்கிலத்தில் கேட்டேன். அப்படியெல்லாம் வைப்பதே இல்லை என்று அவள் பதறினாள். "இன்னாடி கேக்குற நீ" என்று கல்பனா தலையில் அடித்துக்கொண்டாள்.

சிவந்த, இனிப்பான, முட்டை கலந்த குழம்பில் நண்டு வந்தது. தொட்டுக்கொள்ளப் பொரித்த பன். நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் இரண்டாவது பெரிய காலை உடைக்கும்போது யாருடைய பங்கையோ எடுப்பதுபோல் கூச்சமாக இருந்தது.

ஊர் திரும்பியதும் எல்லாவற்றையும் நைனாவிடம் ஒப்பித்தேன். "நண்டுல சக்கரையா" என்று யோசித்தார். பன்னை எப்படித் தொட்டுக்கொள்வார்கள் என்று இரண்டு முறை செய்து காட்டச் சொன்னார். நொண்டி கேட்ட கதைக்கு மட்டும் சிரித்தார்.

"அந்த ஊருக்கு ஏது நொண்டி? நாந்தான் இங்கியே ஒட்ச்சிட்றேனே."

"இன்னா நைனா சொல்ற?"

"பின்ன, ஞாயித்துகெழம பாத்து நண்டு தானா நொண்டுமா?"

நைனா இப்போது இல்லை. போன ஞாயிறு அந்த நண்டுக்கார அம்மா தள்ளிவைத்த நொண்டியையே கேட்டு வாங்கி வந்து குழம்பு வைத்தேன். சந்தையில் நொண்டி இன்னும் கிடைக்கிறது. எல்லாம் தானாகக் கால் போனவை. எனக்கென்று ஒருவர் ஒடித்தது கிடைப்பதில்லை.