மெஷின் அடித்த பெயர்

இன்று காலை போடியிலிருந்து தேவாரம் போகும் பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்த அம்மா என்னையே உற்றுப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க எஸ்டேட் ஆபீசுல கம்ப்யூட்டர் பாத்தவுகதான? நான் சிலமலை பேச்சியம்மா. ஏலக்கா எடுக்க ஜீப்புல மலைக்கு வந்துக்கிட்டு இருந்தேன்."

எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. நான் ஒரு சின்ன புரோகிராம் எழுதிவைத்தேன். சனிக்கிழமை காலையில் மெஷினைப் போட்டால், யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார்கள் என்று அதுவே கட்டம் கட்டமாக அட்டவணை அச்சடித்துவிடும். தொடர்ந்து இரண்டு வாரம் வராதவர் பெயருக்கு நேராக ஒரு நட்சத்திரம் விழும். மேனேஜர் கேட்காமலே நானாகச் சேர்த்தது அது.

அதுவரை கங்காணியிடம் காரணம் கேட்டுக்கொண்டிருந்த மேனேஜர், பிறகு நட்சத்திரத்தை மட்டும் பார்த்துப் பட்டியலிலிருந்து பெயரை அடித்தார்.

"எங்க வீட்டுக்காரரு மஞ்சக்காமாலையில ஆஸ்பத்திரில கெடந்தாரு. ரெண்டு வாரம் கூட இருந்து பாத்துட்டுத் திரும்பி வந்தா, பேரு இல்ல, ஜீப்புல ஏறாதன்னுட்டாக. அப்புறம் மலைக்குப் போகவே இல்ல. அந்த வருசமே அவரும் போய்ட்டாரு."



என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "ஒங்க மேல வருத்தமில்லண்ணே. மிசினு சொன்னதுக்கு நீங்க என்ன செய்வீக?"

உண்மையைச் சொல்லத் துணிச்சல் வருவதற்குள் சிலமலை வந்துவிட்டது. அவருடைய பையை மட்டும் இறக்கிக் கொடுத்தேன். "நல்லாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா? யோசித்துவிட்டு எழுதுங்கள். எனக்கு யோசிக்க முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தது.